பக்கவாதத்துக்குப் பிறகு ஏ.எஃப்.ஓ.: மாட்டுவது முதல் நடப்பது வரை

பக்கவாதம் வந்தவர் மறுபடி நடக்கத் தொடங்கும்போது பாதம் தொங்கி, விரல் நுனி தரையில் உரசும். தடுக்காமல் இருக்க இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்பக்கம் அரைவட்டமாக வீசி வைப்பார். சீக்கிரமே களைத்துப்போவார், விழவும் வாய்ப்பு அதிகம். கணுக்காலையும் பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் பட்டையை மருத்துவர் எழுதித் தருவது இதற்காகத்தான். நல்ல பட்டையும் பரணுக்குப் போய்விடுவதுண்டு. அதற்கு ஒரு முக்கியக் காரணம், குதிகால் அதற்குள் சரியாக உட்காராததுதான்.

எந்த வகை?

பாதம் தளர்ந்து தொங்குகிறது, இறுக்கம் இல்லை, முழங்காலும் உறுதியாக நிற்கிறது என்றால் கணுக்காலுக்குப் பின்னால் மட்டும் ஓடும் மெல்லிய, வளையும் பட்டை போதும். கடையில் ரெடிமேடாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். கெண்டைக்கால் இறுகி, பாதம் உள்பக்கம் திரும்பி, வெளி ஓரத்தில் ஊன்றுகிறார் என்றால் ரெடிமேட் வேண்டாம். இறுக்கம் அந்த மெல்லிய பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். காலை மாவுக்கட்டில் அச்செடுத்து, கணுக்கால் எலும்புகளுக்கு முன்னால் வரை மூடும் கெட்டியான பட்டை செய்ய வேண்டும். கணுக்காலில் கீல் வைத்த வகையும் உண்டு. அது பொருந்துமா என்பதைக் காலின் இறுக்கத்தைப் பார்த்து ஆர்த்தோட்டிஸ்ட் (பட்டையை அளவெடுத்துச் செய்து பொருத்தும் நிபுணர்) சொல்வார். சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கான பிரிவுகள் இருக்கின்றன.

வாங்கும்போதே மேல் விளிம்பைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்புக்கு இரண்டு விரல்கட்டையாவது கீழே அது நிற்க வேண்டும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த எலும்பை ஒட்டித்தான் போகிறது. அதை அழுத்தினால் இருக்கும் பலவீனம் கூடிவிடும்.

மாட்டும் முறை

படுக்கையில் கால் நீட்டி மாட்டாதீர்கள். முழங்கால் நீண்டிருக்கும்போது கெண்டைத்தசை இழுபட்டுப் பாதத்தைக் கீழே தள்ளும், குதிகால் சரியாக உள்ளே இறங்காது. கை வைத்த நாற்காலியில் உட்கார வையுங்கள்.

1. முழங்கால் வரை வரும் பருத்தி சாக்ஸ் போடுங்கள். பட்டையின் மேல் விளிம்பைத் தாண்டி அது இருக்க வேண்டும். ஒரு சுருக்கம்கூடத் தோலில் பதிந்து புண்ணாகும்.

2. பாதத்தை நாற்காலிப் பக்கம் இழுத்து முழங்காலை நன்றாக மடக்குங்கள். விரல்கள் இறுகி மடங்கியிருந்தால் அவசரப்படாமல் மெதுவாக நீட்டி, தளர்ந்த பிறகு பாதத்தைப் பட்டைக்குள் நுழைத்துவிடுங்கள்.

3. குதிகாலைப் பின்னோக்கித் தள்ளி, முழங்கால் மேல் உள்ளங்கை வைத்து நேராகக் கீழே அழுத்துங்கள். அழுத்திய நிலையிலேயே கணுக்கால் பட்டியை முதலில் கட்டுங்கள். மேலே உள்ள கெண்டைக்கால் பட்டி கடைசியில்தான், ஒரு விரல் நுழையும் இறுக்கத்தில்.

குதிகால் நன்றாக அமர்ந்த ஒருநாள், கட்டைவிரல் நுனி எங்கே வருகிறதோ அங்கே பாதத்தட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த நாள் விரல் கோட்டைத் தாண்டினால் குதிகால் எழும்பி, பாதம் முன்னே வழுக்கியிருக்கிறது. கழற்றி மறுபடி போடுங்கள். வீட்டில் யார் மாட்டிவிட்டாலும் இந்தக் கோடு உதவும்.

ஷூ இல்லாமல் நடக்கக் கூடாது

நம் வீடுகளில் அதிகம் தவறுவது இங்கேதான். வாசலிலேயே செருப்பைக் கழற்றுகிற பழக்கத்தில், வெறும் பட்டையோடு டைல்ஸில் நடக்க வைக்கிறார்கள். பிளாஸ்டிக் வழுக்கும். அதோடு ஷூவின் குதி உயரத்தை வைத்துத்தான் பட்டையின் கோணம் சரிபார்க்கப்பட்டிருக்கும். அந்த உயரம் போனால் கெட்டியான பட்டை முழங்காலைப் பின்னுக்குத் தள்ளும். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு சுத்தமான ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் அகலமாகத் திறக்கிற, குதிப்பகுதி கெட்டியான, வெல்க்ரோ வைத்த ஷூ நல்லது. வழக்கமான அளவைவிட அரை அல்லது ஒரு அளவு பெரிதாக எடுத்து, பட்டை போடும் காலின் ஷூவுக்குள் இருக்கும் அட்டையை (இன்சோல்) உருவிவிடுங்கள். நல்ல கால் ஷூவுக்குள் தொளதொளவென்று இருந்தால், உருவிய அட்டையை அந்தப் பக்கம் அளவாக வெட்டிப் போடலாம். வேட்டியோ புடவையோ தரை தொடாமல் சற்றுத் தூக்கிக் கட்டட்டும்.

முதல் இரண்டு வாரம்

முதல் நாள் அரை மணி முதல் ஒரு மணி நேரம், காலையும் மாலையும். தோல் ஒத்துக்கொண்டால் தினமும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். ஒவ்வொரு முறை கழற்றியதும் குதிகால், கணுக்கால் எலும்புகளின் இருபுறம், சுண்டுவிரல் பக்கப் பாத ஓரம், கெண்டைக்கால் மேல் விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். சிவப்பு அரை மணிக்குள் மறைந்தால் கவலை இல்லை. கருத்த தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. புறங்கையால் தொட்டு, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா, சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். சர்க்கரை நோய் இருந்தாலும், உணர்ச்சி மரத்திருந்தாலும் ‘வலிக்கவில்லை’ என்ற பேச்சை நம்பவே கூடாது. தடம் மறையவில்லை, கொப்புளம் வந்தது என்றால் போடுவதை நிறுத்திவிட்டு ஆர்த்தோட்டிஸ்டிடம் காட்டுங்கள்.

வீட்டில் நெருப்பில் காட்டி வளைப்பது, ஓரத்தைக் கத்தியால் சீவுவது எதுவும் வேண்டாம். ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் நாளடைவில் அங்கிருந்தே விரியும்.

நடையைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்

பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஊன்றும்போது முழங்கால் சட்டென்று முன்னால் மடங்கினால் ஷூவின் குதி உயரம் அதிகமாக இருக்கலாம், அல்லது பட்டையின் கோணம் முன்னே சாய்ந்திருக்கலாம். முழங்கால் பின்னால் வளைந்தால் இதற்கு எதிர்மாறு. விரல் இன்னும் உரசுகிறது என்றால் முதலில் அந்தப் பேனாக் கோட்டைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் உரசினால் பிளாஸ்டிக் அந்தக் காலுக்கு மெல்லியதாக இருக்கலாம்.

ஊன்றுகோல் நல்ல கையில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பட்டை போட்ட கால் முதலில். இந்தியக் கழிப்பறையில் கெட்டியான பட்டையோடு குந்த முடியாது, வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது கமோடு நாற்காலி ஏற்பாடு செய்துவிடுங்கள்.

பட்டையை ஈரத்துணியும் மிதமான சோப்பும் கொண்டு துடைத்து நிழலில் காயவிடுங்கள். வெல்க்ரோவில் சேரும் நூலையும் முடியையும் பழைய பல் துலக்கும் பிரஷ் எடுத்துவிடும். மறுபரிசோதனைக்குப் போகும்போது பட்டையை மட்டும் பையில் போட்டு எடுத்துப்போகாதீர்கள். தினமும் போடும் ஷூவும் கூடவே போக வேண்டும்.