புறாத்தீவுக்குப் போகிறவர்கள் முதலில் மிதக்கப் பழகுங்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஊருக்கு வருகிறவர்களில் பலர் அப்படியே திருகோணமலைக்கும் போய், கோணேசரைக் கும்பிட்டுவிட்டு நிலாவெளியில் ஓரிரு நாள் தங்குவார்கள். நல்ல நேரத்தில்தான் போகிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும், தண்ணீருக்கு அடியில் மணல் தெரியும். மார்கழி விடுமுறையில் போய்ப் படகு கேட்டால் நிலைமை வேறு. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். படகு கிடைத்தாலும் கலங்கிய தண்ணீரில் ஒன்றும் பார்க்க முடியாது.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கிறது புறாத்தீவு. புறாமலை என்று கேட்டாலும் ஊரில் வழி சொல்வார்கள். 1963இல் சரணாலயமான இந்த இடம் 2003இல் தேசியப் பூங்காவானது. நுழைவுச்சீட்டைப் படகேற முன்னரே கரையில் வாங்க வேண்டும், படகுக்கூலி வேறு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கட்டணம் பல மடங்கு அதிகம். இலங்கை அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள். விடிந்ததும் வெளிக்கிடுவது நல்லது. வெயில் ஏற ஏறச் சனமும் கூடும், காற்றும் எழும்பும். கரை முழுக்க உடைந்த முருகைக்கல் (பவளப்பாறை) துண்டுகள் என்பதால் வெறுங்காலோடு நடக்க முடியாது, பழைய சப்பாத்து ஒன்று வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விடயம். இங்கே முருகைக்கல் பார்க்க ஆழத்துக்குப் போகத் தேவையில்லை, கரையை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீரிலேயே தொடங்கிவிடுகிறது. பிரச்சினையும் அதில்தான். நீந்தத் தெரியாதவர்கள் மிதப்பு அங்கியைப் போட்டு, கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். குழாய்க்குள் ஒரு வாய் உப்புத்தண்ணீர் போனதும் பதறிப்போய்க் காலை ஊன்றுகிறார்கள். காலுக்குக் கீழே மான்கொம்பாகக் கிளைவிட்டு நிற்கும் முருகைக்கல் நொறுங்குகிறது. அந்தக் கிளை முழுவதும் சில மில்லிமீற்றர் அளவேயான உயிர்கள் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. கடல்நீரிலிருந்து கல்சியத்தை எடுத்துத் தங்களுக்கு அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டுபவை அவைதான். உருண்டு திரண்ட இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் பருக்கும். ஒரு மீற்றர் அகலமான திரளைக் கண்டால் அதற்கு அரை நூற்றாண்டு வயதாவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பயணத்துக்கு முன்பே உங்கள் ஊர் நீச்சல் தடாகத்தில் பழகுங்கள். ரொறன்ரோவோ லண்டனோ, எந்தத் தடாகமும் போதும். முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் மூச்சுவிடவும், குழாய்க்குள் புகுந்த தண்ணீரை ஒரே ஊதலில் வெளியேற்றவும், களைத்தால் காலை ஊன்றாமல் மல்லாந்து மிதக்கவும் தெரிந்தால் போதும். முகத்துக்குப் பொருந்திய கண்ணாடியைச் சொந்தமாகக் கொண்டுவாருங்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. வாடகைக் கண்ணாடி ஒழுகினால் பதற்றம் அங்கேதான் தொடங்கும். வெயிலுக்குக் கிறீம் பூசுவதைவிட நீளக்கை நீச்சல் சட்டை மேல். கிறீம்கள் பலவற்றில் உள்ள ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் முருகைக்கல்லுக்குக் கேடு என்பதால் ஹவாயில் 2021 முதல் அவற்றின் விற்பனைக்குத் தடை இருக்கிறது.

பதற்றமில்லாமல் மிதக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கடல் தன்னைக் காட்டும். அசையாமல் காதைக் கொடுத்தால் நறுக் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். கிளிமீன் தன் அலகால் கல்லைச் சுரண்டிப் பாசி தின்னும் சத்தம் அது. விழுங்கிய சுண்ணாம்பை அரைத்து, பின்னால் வெண்மணலாக விட்டபடி போகும். பாசி மூடினால் முருகைக்கல் மூச்சுத்திணறிச் சாகும் என்பதால் இந்த மீன் அதற்குக் காவல். மீன் கூடி வரட்டும் என்று யாராவது பாண் துண்டு நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாண் தின்னப் பழகிய மீன் பாசியைத் தேடாது. செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களும் இங்கே உண்டு. ஆளைக் கண்டால் விலகிப்போகும் இனம், துரத்தாமல் இருந்தால் போதும்.

சில இடங்களில் கல் வெள்ளை வெளேரென்று தெரியலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது நோய். கடல் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை அளவு கூடுதலாகச் சூடேறி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், முருகைக்கல் தன் உடலுக்குள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் நிறம் திரும்பும், தணியாவிட்டால் பட்டினிதான். வெளுத்த கல் இன்னும் உயிரோடு இருக்கலாம், அதைத் தொடவே கூடாது.

கரையில் கிடக்கும் துண்டுகூட நினைவுப்பொருளாக வேண்டாம். பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அதோடு கடின முருகைக்கற்கள், அருகிவரும் உயிரினங்களின் நாடுகடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கைக்குள் வருவதால், அனுமதிப்பத்திரம் இல்லாமல் பெட்டிக்குள் வைத்தால் விமான நிலையத்தில் பறிபோகலாம்.

மார்கழி, தையில் மட்டுமே வர முடிகிறவர்களுக்கு யாழ்ப்பாணப் பக்கத்து நெடுந்தீவு இருக்கிறது. அங்கே காணிகளைச் சுற்றிய மதில்கள் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டியவை. ஒல்லாந்தர் கோட்டையின் இடிந்த சுவரும் அதே கல். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு உயிரும் இருந்த குழி சின்னச் சின்ன நட்சத்திரமாகத் தெரியும். பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்க்கலாம், இங்கே அதனால் கெடுதி இல்லை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணிநேரம் அளவு ஆகும். காற்று கூடிய நாளில் படகு ஓடாமலும் விடும். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.