பிளேட்லெட் செயல்பாட்டுப் பரிசோதனையில் நடக்கும் தவறுகள்

ரிப்போர்ட்டில் பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு, இரண்டரை லட்சம் என்று இருந்தால் ‘நார்மல்தான், ரத்தம் கட்டாது’ என்று நிம்மதியாகிவிடுகிறோம். முதல் தவறு இதுதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருந்தால் எண்ணிக்கை சரி, அவ்வளவுதான். அந்தத் தட்டணுக்கள் எவ்வளவு சுலபத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பது வேறு விஷயம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும்போது எண்ணிக்கை சரிந்துகொண்டே போகும், கூடவே ரத்தக்கட்டியும் உருவாகலாம்.

செயல்பாட்டை அளக்கத் தனிப் பரிசோதனைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலான கோளாறு மெஷினில் வருவதில்லை, ரத்தம் எடுக்கும் இடத்திலேயே வந்துவிடுகிறது. தட்டணுக்கள் சட்டென்று தூண்டப்படும் இயல்புடையவை. கையில் பட்டையை இறுக்கிக் கட்டி வெகுநேரம் நரம்பு தேடினாலும், மெல்லிய ஊசியால் வேகமாக உறிஞ்சினாலும், டியூபை வேகமாகக் குலுக்கினாலும் அவை அங்கேயே விழித்துக்கொள்ளும். எண்ணிக்கை பார்க்கும் ஊதா மூடி டியூபும் இதற்கு ஆகாது. அதிலுள்ள ஈடிடிஏ என்ற ரசாயனம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் தட்டணுக்கள் ஒட்டவே ஒட்டாது. வழக்கமான முறைக்கு சிட்ரேட் உள்ள நீல மூடி டியூப்தான் வேண்டும், அதுவும் குறித்த கோடு வரை நிரம்ப வேண்டும். அப்புறம், ‘கெட்டுப்போய்விடுமே’ என்று ஃப்ரிட்ஜில் வைப்பதைப் பலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். குளிர் பட்டால் தட்டணுக்கள் வடிவமே மாறிவிடும். அறை வெப்பத்தில் வைத்து, நான்கு மணி நேரத்துக்குள் சோதித்துவிட வேண்டும்.

மாத்திரைகளை மறைப்பதும் பெரிய தவறு. தலைவலிக்குப் போட்ட ஒரே ஒரு ஆஸ்பிரினின் தாக்கம், அந்தத் தட்டணுக்கள் அழிந்து புதியவை வரும் வரை, அதாவது 7 முதல் 10 நாள் வரை நீடிக்கும். ஐபுபுரோஃபெனும் முடிவை மாற்றும். அதற்காக நீங்களாகவே எதையும் நிறுத்தக் கூடாது. தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கவே சோதனை எழுதியிருந்தால், நிறுத்திவிட்டுப் போவதில் பயனே இல்லை.

ஒரு சோதனை முறையில் வந்த எண்ணை இன்னொரு சோதனை முறையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அளவுகோலே வேறு. காலில் ஆழமான சிரையில் ரத்தம் கட்டியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் இந்தப் பரிசோதனை விடை தராது. அதற்கு டி-டைமர் ரத்தப் பரிசோதனை, டாப்ளர் ஸ்கேன் எல்லாம் இருக்கின்றன.

செயல்பாட்டு எண் அதிகமாக வந்ததும் மருந்தைக் கூட்டினால் போதும் என்பதும் அவசர முடிவு. 2011-இல் வெளியான கிராவிட்டாஸ் ஆய்வில், இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் வைத்த பிறகும் தட்டணுச் செயல்பாடு அதிகமாக இருந்தவர்களுக்குக் குளோபிடோக்ரல் அளவைக் கூட்டிப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மாரடைப்போ மரணமோ குறையவில்லை. எண் குறைவாக வந்ததால் ‘ரத்தம் ரொம்ப நீர்த்துவிட்டது’ என்று மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவது இதைவிட ஆபத்து. ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் அப்படிச் செய்தால், அந்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரலாம்.