தாராவிக்கு ஆய்வு செய்யப் போகும் பெண்களுக்கு

மும்பைத் தமிழர் வாழ்க்கையை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் பெண்கள், களத்தில் இறங்கும் முன் அமெரிக்காவின் சிக்கானா (மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள்), லத்தீனா (லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்கள்) ஆய்வாளர்கள் நடந்த வழியைத் தெரிந்துகொள்வது நல்லது. 1982இல் கலிபோர்னியாவில் அவர்கள் தொடங்கிய ‘முஹேரெஸ் ஆக்டிவாஸ் என் லெத்ராஸ் இ காம்பியோ சோசியால்’ என்ற அமைப்பு, படிப்பையும் சமூக மாற்றத்தையும் பெயரிலேயே சேர்த்து வைத்திருக்கிறது. மும்பையிலேயே முன்மாதிரியும் உண்டு. 1984இல் தோன்றிய ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனம் மறு ஆண்டே நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதத்தின் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு அதனுடன் கைகோத்து, குடியிருப்போரே தங்கள் வீடுகளை எண்ணும் முறையை வளர்த்தது.

ஆய்வுக் கேள்வியை நூலகத்தில் முடிவு செய்துவிட்டுப் போகாதீர்கள். இட்லி அவித்து விற்கும் குடும்பங்களின் பெண்களிடம் உழைப்பைப் பற்றிக் கேட்க நீங்கள் போயிருக்கலாம். அவர்களுக்கோ, தாராவியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்பில் மாடி அறையில் குடியிருப்போரின் கதி என்ன, இலவச மாற்று வீட்டுக்கான 2000 ஜனவரி 1 என்ற வரம்புத் தேதிக்கு முந்தைய ரேஷன் கார்டு இல்லாதவர் என்ன செய்வது என்பதே கவலை. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது: வீடே தொழிற்கூடமான குடும்பம் வேறிடத்துக்குப் பெயர்ந்தால் மாவரைக்கும் கிரைண்டர் எங்கே போகும், விடியுமுன் அண்டாவைச் சுமந்து கிளம்புகிறவர் எங்கிருந்து கிளம்புவார்?

காகிதமும் பேனாவுமாக வருகிறவரை ‘சர்வேக்காரர்’ என்றுதான் அங்கே நினைப்பார்கள். ஆகவே முதல் சில வாரங்கள் எதையும் எழுதாதீர்கள். தெரிந்த ஒருவர் மூலம் போங்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பமானால் மூத்தவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் அழைப்பது, பல்கலைக்கழக அடையாள அட்டையைவிட விரைவாகக் கதவைத் திறக்கும். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பேட்டி கேட்டு நிற்பதைவிடக் குடத்துக்குக் கைகொடுப்பது மேல். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் வீடு பறிபோகுமோ என்று அஞ்சுவார்கள். வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்துகொள்ள உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

பேட்டியில் வினாப்பட்டியலை ஒப்பிக்க வேண்டாம். லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த டெஸ்டிமோனியோ முறையில், சொல்பவர் தன் கதையைத் தன் போக்கில், தன்னைப் போன்ற பலருக்கும் சாட்சியாகச் சொல்கிறார். சிக்கானா ஆய்வாளர் டொலொரெஸ் டெல்காடோ பெர்னால் 1998இல் எழுதிய கட்டுரை, ஆய்வாளரின் சொந்த அனுபவத்தையும் சமூகத்தின் நினைவையும் ஆய்வுக்கான மூலங்களாகவே ஏற்கிறது. தரவுகளை அலசும்போதும் சொன்னவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. உங்கள் பாட்டியும் சயானிலோ தாராவியிலோ குடியேறியவர் என்றால், அதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள்; மறைத்துவிட்டு நடுநிலை பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

குடியிருப்போருக்காகப் பரிந்து பேசும் வேலை பெரும்பாலும் காகித வேலைதான். கழிப்பறைப் பராமரிப்பு, தண்ணீர் இணைப்பு ஆகியவை பற்றித் தாராவிக்குப் பொறுப்பான, தாதரிலுள்ள மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டு அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் போடலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தை உங்கள் பெயரில் போடுங்கள், குடியிருப்பவர் பெயரில் வேண்டாம். வரும் பதில் அவர்கள் கோரிக்கை மனுவுக்கும் உதவும், உங்கள் ஆய்வேட்டுக்கும் ஆவணமாகும். மனுவை மட்டும் அவர்களே எழுதி அவர்களே கொடுக்க வேண்டும்; நீங்கள் உடன் போனால் போதும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, பெண்களுக்கு ஓய்வு கிடைக்கும் பிற்பகலில் சந்திலேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். எந்த வரி வேண்டாம் என்கிறார்களோ அதை எடுத்துவிடுங்கள். பெயரை மாற்றிவிட்டால் மட்டும் போதாது. அந்தச் சந்தில் அப்பளம் இடும் கைம்பெண் ஒருவர்தான் என்றால் தொழிலைச் சொன்னதுமே ஆள் தெரிந்துவிடும், ஆவணம் இல்லாமல் அவர் மாடியறையில் இருப்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.