புகையைக் குறைத்து விறகடுப்பு எரிப்பது எப்படி?

2022இல் இலங்கையில் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, சிலிண்டருக்கு வரிசையில் நின்று அலுத்துப்போய், குசினி மூலையில் கிடந்த அனகி என்னும் மண் விறகடுப்பைத் திரும்ப மூட்டினோம். முதல் வாரம் முழுவதும் கண்ணீர்தான். நான் அடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றமோ விறகில் இருந்தது.

முதல் படி: விறகைக் காயவைத்தல்

பாதி வேலை இதுதான். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கும். மிஞ்சிய சூடுதான் பானைக்கு வரும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். எங்கள் மட்டக்களப்பில் இதற்கென்றே கச்சான் என்னும் வறண்ட, சூடான காற்று இருக்கிறது. வெயிலும் அதுவும் சேர்ந்து முகத்தைச் சுடும்போது சலித்துக்கொள்ளாமல் விறகைப் பிளந்துவிடுங்கள். மாரி தொடங்கிய பிறகு பிளந்து பயனில்லை.

மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்தால் போதும். உருண்டைக் கட்டையாக விட்டால் பட்டை ஈரத்தைப் பொத்தி வைத்துக்கொள்ளும். நிலத்தில் படாமல் இரண்டு கட்டைகளின் மேல், இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம் போதும். தறப்பாளால் சுற்றிக் கட்டினால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். நுனியில் வெடிப்பு விழுந்து, இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலித்தால் விறகு காய்ந்துவிட்டது. மந்தமாக ஒலித்தால் இன்னும் பொறுங்கள்.

இரண்டாம் படி: மூட்டுதல்

பழைய சாம்பலை வாரிவிடுங்கள். காய்ந்த தென்னம் பன்னாடை, அதன் மேல் ஈர்க்குக் குச்சியும் சுள்ளியும், பிறகு ஒரு சிரட்டை. தென்னை நிற்கும் வளவில் மண்ணெண்ணெய்க்கு என்ன வேலை? பொலித்தீன் வேண்டவே வேண்டாம். உடைந்த தோணியின் வர்ணம் பூசிய பலகை சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அந்தப் புகை நஞ்சு.

மூன்றாம் படி: எரித்தல்

அடுப்பின் வாயை விறகால் அடைக்காதீர்கள். மெல்லிய விறகு இரண்டு மூன்று போதும். நுனி மட்டும் எரியட்டும்; எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். விறகுக்கு அடியில் காற்றுப் போக வழி இருக்க வேண்டும். நான் பழைய இரும்புக் கம்பித் தட்டு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். புகை என்பது எரியாமல் தப்பிப்போகும் விறகு. மூட்டியபின்னும் ஊதுகுழலைக் கீழே வைக்க முடியவில்லை என்றால், விறகு ஈரம் அல்லது காற்றுவழி அடைத்திருக்கிறது.

நான்காம் படி: பானை

அனகி அடுப்பில் இரண்டு வாய். முன்வாயில் சோறு, பின்வாயில் பருப்போ சுடுதண்ணீரோ. பின்வாயைத் திறந்து விட்டால் சூடு அந்த வழியாக வீணாகப் போய்விடும். பானைக்கு மூடி போடுங்கள். அரிசி கொதித்ததும் ஒரு விறகை வெளியே இழுத்துவிடுங்கள்.

சமைத்து முடிந்ததும் மிச்ச விறகை மணலில் குத்தி அணையுங்கள். தண்ணீர் ஊற்றினால் நாளைக்கும் அதே புகைதான். அந்தத் தண்ணீர் சூடாக இருக்கும் மண் அடுப்பின் மேல் பட்டால் அடுப்பிலும் வெடிப்பு விழும்.