கேம் கதைக்கு ஆதாரம் காட்டுவது எப்படி? ரசிகர் விக்கியில் புதிதாக எழுதுவோருக்கு

"எல்லாமே கற்பனைதானே, இதற்கு எதற்கு ஆதாரம்?" என்று ரசிகர் விக்கிக்கு, அதாவது ரசிகர்களே சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்துக்கு, புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. கற்பனை என்பதால்தான் கட்டாயம் வேண்டும். நிஜ ஊரைப் பற்றிய தகவலைப் பல இடங்களில் சரிபார்க்கலாம். கேமுக்குள் இருக்கும் ஊருக்கு அந்த கேம்தான் முதல் சாட்சி. நாற்பது மணி நேர கேமில் எங்கே போய்ப் பார்ப்பது என்று சொல்ல வேண்டியவர் எழுதியவர்தான்.

"கருங்கோட்டையை அரசனே எரித்தான்" என்று ஒரு கேமைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: அந்த வரியைத் தேடிப் பிடியுங்கள்

நினைவை நம்ப வேண்டாம். கட்சீன் (ஆட்டத்துக்கு நடுவே ஓடும் கதைக் காட்சி), வசனம், கேமுக்குள் கிடைக்கும் புத்தகம், பொருள்களின் விளக்கம் எல்லாவற்றையும் பாருங்கள். டார்க் சோல்ஸ் போன்ற கேம்களில் கதையின் பெரும்பகுதி வாள், மோதிரம் ஆகியவற்றின் விளக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். கிடைத்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கேமின் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். டெஸ்டினி 2 வெளியானபோது அதன் முதன்மைக் கதையாக இருந்த ரெட் வார், 2020 நவம்பரில் கேமிலிருந்தே எடுக்கப்பட்டது. அப்படி நடந்தால் உங்கள் ஸ்கிரீன்ஷாட்தான் மிச்சம்.

படி 2: சொல்வது யார் என்று பாருங்கள்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கோட்டையை அரசன் எரித்ததாக ஒரு கிழட்டுச் சிப்பாய் சொல்கிறான். இடி விழுந்து எரிந்ததாக அரசவைப் புலவரின் புத்தகம் சொல்கிறது. இரண்டுமே கேமுக்குள் இருப்பவைதான், ஆனால் இரண்டு பேருக்கும் பொய் சொல்லக் காரணம் உண்டு. 2002இல் வந்த மாரோவிண்ட் கேமில் நெரெவார் என்ற பழங்காலத் தலைவன் எப்படி இறந்தான் என்பதற்கு ஒன்றுக்கொன்று முரணான கதைகள் உள்ளன. எது உண்மை என்று கேம் தீர்த்துச் சொல்வதில்லை. அதை விக்கி தீர்த்துவைக்கக் கூடாது.

ஆகவே வாக்கியத்தை இப்படி மாற்றுங்கள்: "கோட்டையை அரசன் எரித்ததாகச் சிப்பாய் கூறுகிறான், அரசவை நூல் இடியைக் காரணம் காட்டுகிறது." இரண்டுக்கும் தனித்தனி ஆதாரம். உங்கள் சொந்த ஊகம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், கட்டுரையில் அதற்கு இடமில்லை.

படி 3: குறிப்பை எழுதுங்கள்

"கேமில் வருகிறது" என்பது ஆதாரம் ஆகாது. இப்படி இருக்க வேண்டும் (குவெஸ்ட் என்பது கேம் கொடுக்கும் பணி):

கேமின் பெயர், பதிப்பு 1.2. குவெஸ்ட்: "சாம்பல் வழி". சிப்பாய்: "தீப்பந்தம் அவர் கையில்தான் இருந்தது."

வசனத்தை ஒரு எழுத்துகூட மாற்றாமல் போடுங்கள். மொழிபெயர்ப்பில் பொருள் மாறுவதுண்டு, அதனால் எந்த மொழிப் பதிப்பு என்பதையும் சேர்ப்பது நல்லது. மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருளில் இயங்கும் தளம் என்றால் இந்தக் குறிப்பு <ref>...</ref> என்ற ரெஃப் டேகுக்குள் போகும். டேகை மூட மறந்தால் அதற்குப் பின்னால் வரும் பத்திகள் குளறுபடியாகிவிடும், சேமிக்கும் முன் முன்னோட்டம் பாருங்கள். ஒரே வசனத்தைப் பல இடங்களில் காட்ட வேண்டுமென்றால் ரெஃபுக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தப் பெயரை மட்டும் பயன்படுத்தலாம்.

படி 4: கேமுக்கு வெளியே போக நேர்ந்தால்

கேமை உருவாக்கியவர்களின் பேட்டி, சமூக ஊடகப் பதிவு போன்றவற்றைத் தாராளமாகக் காட்டலாம். ஆனால் அது கேமில் வருவதல்ல, அவர்கள் வெளியே சொன்னது என்பது வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். பதிவுகள் திடீரென்று காணாமல் போகும் என்பதால் இணையப் பக்கங்களின் நகலை வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்து அந்த இணைப்பையும் கொடுங்கள். ரசிகர்கள் தங்கள் ஊகத்தைச் சொல்லும் யூடியூப் தியரி வீடியோவும் வேறொரு விக்கியும் தேடுவதற்கு உதவும், அவ்வளவுதான். அங்கே படித்ததைக் கேமில் பார்த்துவிட்டு கேமையே காட்டுங்கள்.

எங்கு தேடியும் கிடைக்கவில்லையா? வரியை உடனே அழிக்க வேண்டாம். "ஆதாரம் தேவை" என்று வரியருகே காட்டும் வார்ப்புருவைப் போட்டு, எங்கெல்லாம் தேடினீர்கள் என்று அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்து தேடுபவர் அதே குவெஸ்ட்டை மறுபடி ஆட வேண்டியிருக்காது.