ஆட்டோ டைட்ரேட்டர் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில், ஒரே வாரத்தில் வந்த நான்கு போர்வெல் மாதிரிகளுக்கு மொத்தக் காரத்தன்மை (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்) மி.கி./லி. அளவில் அச்சுப் பிசகாமல் 500 என்று வந்தது. நாலும் வேறு வேறு ஊர்த் தண்ணீர். மாதிரியில் அமிலத்தையோ காரத்தையோ கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, போன அளவை வைத்து முடிவு கணக்கிடும் கருவிதான் டைட்ரேட்டர். அதன் அமைப்பைத் திறந்து பார்த்தால், விடும் அமிலத்தின் அதிகபட்ச அளவு 10 மி.லி. என்று வைத்திருக்கிறோம். 100 மி.லி. மாதிரிக்கு 0.1 நார்மல் (செறிவின் அலகு) அமிலம் 10 மி.லி. போனால் கணக்குப்படி 500தான். முடிவுநிலையை (நிறுத்த வேண்டிய பிஎச்சை) எட்டாமலே வரம்பில் நின்ற கருவி, போன அமிலத்தை வைத்துக் கணக்கையும் போட்டுவிட்டது.

இந்த வரம்பு, பீக்கர் வழியாமல் இருக்கத்தான். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரநிலையே மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. அதை அளக்கவே 12 மி.லி. வேண்டும். வரம்பை 15 ஆக்குங்கள். வரம்பில் நின்ற ஓட்டத்துக்கு முடிவு அச்சாகாதபடியும் அமையுங்கள்.

அதிகம் பேர் கைவைக்காமல் விடுவது கட்டுப்பாட்டு எல்லையை. முடிவுநிலைக்கு எவ்வளவு பிஎச் முன்னால் ப்யூரெட் (அமிலத்தை அளந்து விடும் குழாய்) வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அது. முடிவுநிலை 4.5, எல்லை 0.5, வேகம் நிமிடத்துக்கு 10 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். காரத்தன்மை 200 உள்ள தண்ணீருக்கு மொத்தம் 4 மி.லி. அமிலம் வேண்டும். பிஎச் 5.0க்கு வரும்போது, காரத்தன்மை தரும் பைகார்பனேட்டில் ஏறக்குறைய 4 சதவீதம்தான் பாக்கி, அதாவது 0.17 மி.லி. முழு வேகத்தில் அது ஒரே ஒரு விநாடி வேலை! எலெக்ட்ரோடு நிதானித்துச் சரியான பிஎச் சொல்வதற்குள் அமிலம் தாண்டிப் போயிருக்கும்.

தாண்டினால் என்ன நஷ்டம்? 4.5க்குப் பதில் 4.0இல் நின்றால் குறைந்தது 0.07 மி.லி. கூடுதல், முடிவில் சுமார் 3.4 மி.கி./லி. காரத்தன்மை 200 உள்ள தண்ணீரில் யாரும் கவனிக்க மாட்டார்கள். 20 மட்டுமே உள்ள தண்ணீரில் அது 17 சதவீதப் பிழை. எல்லையை 1.5 ஆக்கினால் பிஎச் 6.0இலேயே வேகம் குறையத் தொடங்கும். ஓட்டம் இரண்டு மூன்று நிமிடம் நீளும், நீளட்டும். காரத்தன்மை குறைந்த மாதிரிக்கு 0.02 நார்மல் அமிலத்துக்கு மாறுவது இன்னும் நல்லது. எப்படியானாலும், அறிக்கையில் கடைசி பிஎச்சும் அச்சாக வேண்டும். அது இல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

ஓட்டத்தை எப்போது முடிப்பது என்ற நிறுத்தும் நிபந்தனையில் நேர்மாறான தவறு நடக்கும். 'கூடுதல் நேரம் காத்திருந்தால் துல்லியம் கூடும்' என்று நினைத்து, பழச்சாற்றின் அமிலத்தன்மையை சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 8.1 வரை பார்க்கும்போது, அந்த பிஎச் நிலைக்கிறதா என்று கருவி பார்க்கும் காத்திருப்பு நேரத்தை ஏற்றிவிடுகிறார்கள். அந்த பிஎச்சில் கரைசல் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை இழுக்கும். பிஎச் மெல்ல இறங்கும், கருவி இன்னொரு சொட்டு விடும், மறுபடி இறங்கும். ஸ்டிரரை (கலக்கியை) சுழல் விழும் அளவுக்கு ஓட விட்டால் இன்னும் மோசம். காத்திருப்பு சில விநாடிகள் போதும்.

முடிவுநிலை எண்ணையும் அடுத்த மெத்தடிலிருந்து காப்பி அடிக்காதீர்கள். ஒயினின் மொத்த அமிலத்தன்மைக்கு ஓ.ஐ.வி. (சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பு) முறை பிஎச் 7.0இல் நிறுத்துகிறது, அமெரிக்க முறை 8.2இல். ஒரே பாட்டிலுக்கு இரண்டு விடை வரும், இரண்டும் அந்தந்த முறைப்படி சரி.

இதோடு சேர்ந்ததுதான் கேலிபரேஷன், அதாவது பிஎச் தெரிந்த பஃபர் கரைசல்களில் எலெக்ட்ரோடைச் சரிசெய்வது. பிஎச் மிக வேகமாக மாறும் இடத்தை, அதாவது வளைவின் திருப்பப் புள்ளியைத் தேடும் முறையில் எலெக்ட்ரோடு 0.1 பிஎச் பிசகினாலும் பெரிய பாதிப்பில்லை. குறித்த பிஎச்சில் நிறுத்தும் முறையில் அந்தப் பிசகு நேராக முடிவில் ஏறும். 7, 10 பஃபர்களில் மட்டும் கேலிபரேட் செய்துவிட்டு 4.5இல் நிறுத்துவது அதனால்தான் ஆபத்து. பஃபர் 4ம் சேரட்டும்.

ப்யூரெட் நுனியையும் பாருங்கள். அது எலெக்ட்ரோடை ஒட்டி இருந்தால், கலக்காத அமிலம் நேராக அதில் பட்டு, 4.5 முன்கூட்டியே வந்ததுபோலக் காட்டும். டைட்ரன்ட் (ப்யூரெட் விடும் கரைசல்) ஸ்டிரரைத் தாண்டிக் கலந்த பிறகே எலெக்ட்ரோடை அடையும்படி எதிர்ப்பக்கம் வையுங்கள். டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் முதலில் ப்யூரெட்டைக் கழுவி ஓட்டுங்கள். குமிழியையும் கருவி அமிலமாகத்தான் எண்ணும்.