விருந்துக்கு மாட்டு விலாக்கறி எவ்வளவு வாங்கணும்?

மேலப்பாளையத்துப் பக்கம் விருந்துன்னா நெய்ச்சோறும் தால்ச்சாவும் இருக்கும். கூட மாட்டு விலா எலும்புக்கறி வைக்கிறதா இருந்தா, சாதாரணக் கறிக்கணக்கு உதவாது. ஆளுக்கு 150 கிராம்னு வாங்கினா பாதிப் பந்தியிலேயே சட்டி காலியாயிரும்.

ஒரு கிலோ விலாக்கறியில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு எலும்பு. மிச்சக் கறியும் வேகவேக நீரும் கொழுப்பும் விட்டுச் சுருங்கும். அடுப்புல வச்சுப் பார்த்தா தெரியும்: கறி மேல ஏறி, எலும்பு முனை வெள்ளையா ஒரு விரக்கடை வெளிய தள்ளி நிக்கும். கடைசியில வாய்க்குப் போறது 400 கிராமை ஒட்டித்தான்.

அதனால நான் பெரியவங்களுக்கு 300 கிராம், பிள்ளைகளுக்கு அதுல பாதின்னு எடுப்பேன். எட்டுப் பெரியவங்க, நாலு பிள்ளைகள்னா 3 கிலோ. சோறு இல்லாம பரோட்டாவும் கறியும் மட்டும்தான்னா பெரியவங்களுக்கு 450 கிராம் வேணும். பரோட்டாவுக்குக் கறி கூடுதலா இறங்கும்.

கடையில முக்கியமா ஒண்ணு. மேல் கொழுப்பை எடுத்துட்டு எடை போடச் சொல்லுங்க. ரெண்டு அங்குலத் துண்டா ஒரே அளவுல வெட்டச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்ததும் துண்டுகளை எண்ணிருங்க, ஆளுக்கு மூணு வருதான்னு. குறைஞ்சா அரைக்கிலோ எலும்பில்லாக் கறி வாங்கி அதே சட்டியில போடலாம். ஆனா அது சீக்கிரம் வெந்துரும், பாதி வேக்காட்டுல சேருங்க.